அழகுத்தாயின் கட்டம்

சாத்தூருக்குத் தெற்கே கரிசல் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் நத்தப்புதூர் என்று ஓர் ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, அந்த ஊரில் இருநூற்றுப் பதினான்கு பேருக்கு உடம்பில் கட்டம் விழுந்த கதையை அங்கே போய்க் கேட்டீர்களானால் அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள்.

தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று புதுக் கணிப்பொறி வாங்கிக்கொண்டு பழையதைத் தள்ளிவிட்ட வருஷம் அது. தந்தி ஆபீசில் முப்பது வருஷம் டக்கு டக்கென்று தட்டி ஓய்வுபெற்ற சாமுவேல் ஞானதுரை, ஊருக்குத் தந்தி சார், அதை வாங்கி, வைக்கோலும் சாக்கும் சுற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, தன் வீட்டு மாடியில் வைத்தார். பதினோரு பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் செருப்பைப் படியில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி மேலேறிப் போய், முதல் மூன்று மாதம் அதை யாரும் தொடாமல் சுற்றி உட்கார்ந்து பார்த்துவிட்டு டீ குடித்து இறங்கினார்கள். சங்கம் என்று பெயர் வைக்கலாம் என்றார் சோசியர் கோமதிநாயகம். சங்கம் என்றால் கம்பெனிக்காரன் கொடி பிடிக்கிற ஆட்கள் என்று நினைப்பான் என்று தந்தி சார் மறுத்து, நத்தப்புதூர் கணிப்பொறி பயன்படுத்துவோர் கழகம் என்று எழுதிப் பதிவு பண்ணினார். அந்த ஒரு சொல்லில்தான் பின்னால் அந்த மாடியே போனது. அது இருக்கட்டும், முதலில் தவசிலிங்கத்தைச் சொல்ல வேண்டும்.

தவசிலிங்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் ஈய எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர். கணிப்பொறிக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரிந்திருந்தது, தமிழ் தெரியவில்லை, அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலை இவர் தலையில் விழுந்தது. கட்டம் போட்ட வரைபடத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்று ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலால் நிரப்பிக் கொடுப்பார், தந்தி சார் பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து உள்ளே ஏற்றுவார். அகரம் போனது, ஆகாரம் போனது, எல்லாம் போனது, ழகரம் மட்டும் போகவில்லை.

அது ஏன் போகவில்லை என்றால், அழைப்பிதழ் என்கிற ஒரே சொல்லில் இரண்டு ழ வருகிறது, அதனால் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் எல்லா எழுத்துக்கும் முந்தித் தேய்வது அதுதான். தேய்ந்துபோன எழுத்துக்குப் புதுசு வாங்கச் சொன்னால் முதலாளி, படிக்கிறவன் வாயில ரெண்டும் ஒண்ணாத்தானய்யா வருது, ளகரத்தைப் போடு என்பார். பதினெட்டு வருஷம் தவசிலிங்கம் அளைப்பிதள் கோத்தார், ஒரு வீட்டார்கூடத் திருப்பிக்கொண்டு வந்து கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்து நாக்கு அப்படி, பழம் பளம்தான், கிழவி கிளவிதான். தந்தி சார் நம்பருக்கு எழுத்து எங்கே என்று கேட்டபோது, "இங்க எவன் சார் அத வாயில சொல்றான், பொறவு வரஞ்சு தாரேன்" என்றார் தவசிலிங்கம். தந்தி சார் அந்த நம்பருக்கு நாற்காலியைப் போட்டு வைத்தார், ஆள் உட்காரவில்லை. அந்தச் சாவியைத் தட்டினால் திரையில் ஒரு வெறும் கட்டம் விழுந்தது.

தட்டினது தவசிலிங்கத்தின் பெண்சாதி அழகுத்தாய். கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணினவள், விரல் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடும், அத்தனை பேர் இருந்தும் பொறியை முதன்முதலில் பயமில்லாமல் தொட்டது அவள்தான். உறுப்பினர் பட்டியலை அவளே அடித்தாள். தாளின் தலையில் கழகத்தின் பெயர் வந்தது, அடியில், தட்டச்சு செய்தவர் பெயர் போடுவது முறை என்று தந்தி சார் சொன்னதால், அவள் பெயரும் வந்தது.

தட்டச்சு: அ□குத்தாய்.

மறுநாள் காலை தலை சீவும்போது காறை எலும்புக்குக் கீழே தபால் தலை அளவில் ஒரு சதுரம் திறந்திருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை, ஓரம் நான்கும் தச்சன் இழைத்த மாதிரி இருந்தது, அதன் வழியாகப் பின்னால் தொங்குகிற காலண்டரில் தேதி தெரிந்தது. தவசிலிங்கம் வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்து பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை, காத்துப் போகுது என்றாள். சேலையை இழுத்து மூடிக்கொண்டு இட்லி ஊற்றப் போனாள், அவர் பிரஸ்ஸுக்குப் போனார்.

கழகம் வளர்ந்தது அந்தப் பட்டியலுக்குப் பிறகுதான். ஊர் முழுக்க ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் வேலை வந்தது, கையால் எழுதினால் ஆறு மாதம் ஆகிற வேலையை அழகுத்தாய் பதினாறு நாளில் அடித்து முடித்தாள், முடித்த வாரத்தில் ஊரில் எவர் பெயரில் எல்லாம் அந்த எழுத்து இருந்ததோ அவருக்கெல்லாம் கட்டம் விழுந்தது. பெயரில் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ உடம்பிலும் அந்த இடத்தில். பூக்காரி பழனியம்மாளுக்கு நெஞ்சுக்கு மேலே, மாவு மில் தமிழரசிக்கு வயிற்றில், கயல்விழி டீச்சருக்குக் கடைசி எழுத்து ஆனதால் வலது பாதத்தில். மழையும் வாழையும் கோழியும் தப்பித்தன, அதுகளுக்கு யாரும் கார்டு எழுதவில்லை.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. பழனியம்மாள் கட்டத்தில் ஈரத்துணி விரித்து அரும்பு மல்லிகையை வைத்தாள், சாயங்காலம் வரை வாடவில்லை என்று அவளிடமே வாங்கினார்கள். தையற்காரர் ரவிக்கைக்கும் சட்டைக்கும் சன்னல் வைத்துத் தைக்கப் பழகி, சன்னலுக்குக் கொக்கி தனி என்று போர்டு எழுதினார். டீச்சர் செருப்புப் போடாமல் நடந்தால் பாதத்துக்குள் புல் முளைத்து வெளியே வந்தது. சோசியர் கோமதிநாயகம்தான் எல்லாரையும்விடப் பெரிய காரியம் செய்தார். சாதகத்தில் கட்டம் சரியில்லை, கட்டம் சரியில்லை என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர், இப்போது கட்டத்தையே கண்ணால் பார்த்துப் பலன் சொல்ல ஆரம்பித்தார். யார் வழியாக எந்தத் திசை தெரிகிறது என்று பார்த்து, கிழக்கு தெரிந்தால் யோகம் என்றார். கட்டம் உள்ள பெண்ணைக் கேட்டு அசலூரிலிருந்து வந்தார்கள். கட்டம் இல்லாத ராமசுப்பு தன் மகளுக்கு யாழினி என்று பெயரை மாற்றிக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து அடிக்கச் சொன்னார். பதினோரு பேர் இருந்த கழகத்தில் நூற்று அறுபத்து மூன்று பேர் ஆனார்கள், படியில் செருப்பு விட இடமில்லாமல் தெருவில் விட்டார்கள், ஒன்பது ஊரில் இதே எழுத்தை வாங்கிப் போய்க் கழகம் தொடங்கினார்கள். மாடியிலும் கழகம் என்கிற பெயருக்கு ஏற்ற மாதிரி இரண்டாவது சன்னலுக்குப் பக்கத்தில் சுவர் ஒரு சதுரம் திறந்துகொண்டது, நல்ல காற்று என்று நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டார் தந்தி சார்.

கட்டத்தின் அளவு கூடுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அழகுத்தாய். பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தால் ஒரு நூலிழை அகலம் கூடியது. மற்றவர்கள் பெயர் ஆளுக்குக் கார்டு ஒன்று, அதன் பிரதி ஒன்று என்று இரண்டு தாளில்தான் இருந்தது, அவள் பெயர் எல்லாத் தாளின் அடியிலும் இருந்தது. தபால் தலை தீப்பெட்டியானது, தீப்பெட்டி சோப்பு டப்பாவானது. அவள் இஞ்சு டேப்பை வைத்து அளந்து அடுப்படிச் சுவரில் கரியால் குறித்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாள்.

சொல்லாமல் இருக்க முடியாதபடி ஆக்கினது குழந்தைவேலு. தீப்பெட்டி ஏஜெண்டு, கழகத்தில் உறுப்பினர், சித்திரையில் வார்டு தேர்தலுக்கு நின்றார். அறுநூறு நோட்டீஸ், ஒரு நோட்டீஸில் ஏழு இடத்தில் பெயர், கழகத்துப் பிரிண்டர் நான்கு நாள் கரகரவென்று அடித்தது. முதல் நாள் சட்டைக்குள் கையை விட்டு முதுகைச் சொறிந்துகொண்டார். இரண்டாம் நாள் சோறு உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் தலையும் இரண்டு காலும் மட்டும் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டன, சனங்களும் சரி அண்ணாச்சி, போட்டுருவோம் என்றார்கள். நான்காம் நாள் பிரிண்டர் நின்றபோது நாற்காலியில் துண்டு மட்டும் கிடந்தது. தேர்தலில் அவர்தான் ஜெயித்தார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவர் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று அவர் சார்பில் எழுதிக்கொண்டார்கள்.

பிரிண்டர் நின்ற அன்றைக்கு மத்தியானமே தவசிலிங்கம் வீட்டுக்கு வந்து, சேலையை விலக்கி, பெண்சாதியின் கட்டத்தைப் பார்த்தார். அவர் கை முழுசும் உள்ளே போய்ப் பின்பக்கம் வந்தது. வரைபடத் தாளை எடுத்து உட்கார்ந்து ழகரத்தை வரைந்தார். அரை மணி நேர வேலை. இரண்டு வருஷமாகப் பொறவு பொறவு என்று தள்ளிவைத்தது அரை மணி நேர வேலை.

அதைத் தூக்கிக்கொண்டு கழகத்துக்கு ஓடினார். நூற்று அறுபத்து மூன்று பேர் உள்ள கழகத்தில் ஒரு எழுத்தைத் தீர்மானம் போடாமல் ஏற்ற முடியாது என்று தந்தி சார் சொன்னார். தீர்மானம் போட்டால் பேசினவன் எல்லாம் எதிராகப் பேசினான். கட்டம் போனால் கழகத்துக்கு எவன் வருவான் என்றார் சோசியர். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடிக்கிறவரை இருக்கட்டுமே என்றார் ராமசுப்பு. ஆனியில் ஒத்திவைத்தார்கள், ஆடியில் ஒத்திவைத்தார்கள், ஆவணியில் ஆள் குறைவு என்று ஒத்திவைத்தார்கள். தவசிலிங்கம் ஒவ்வொரு ஞாயிறும் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், சுருட்டியபடியே திரும்பக் கொண்டுவந்தார். மேசையைத் தட்டிப் பேசுகிற வாய் அவருக்கு இல்லை.

பெண்சாதியிடம்தான் அவரால் பேச முடிந்தது. ஆனி மாதம் ஒரு காலையில், தட்டுவதைத் தட்டு, அடியில் பெயரைப் போடாதே என்று கத்தினார். அழகுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நம்ம கல்யாணப் பத்திரிகையில எம்பேர எப்படிக் கோத்தீங்க?"

அவர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"அளகுத்தாய்னு கோத்தீங்க. உங்க கையால. அது எம்பேரு இல்ல. இந்தப் பொட்டியில நான் என் விரலால என் பேரச் சரியாத் தட்டுதேன், அது கட்டமா விழுந்தா அது எழுத்து வரஞ்சவர் குத்தம். நான் போடுவேன்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் வரவில்லை. கட்டம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது, முன்னைவிட வேகமாக. போடுகிறாளே, பிடிவாதமாகப் போடுகிறாளே என்று மனசுக்குள் பொருமிக்கொண்டு தவசிலிங்கம் ஒரு தாளையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் மழை அடித்தபோது மாடிச் சுவர்க் கட்டம் தரைவரைக்கும் இறங்கி, சோசியரின் நாற்காலி அதன் வழியாகத் தெருவில் போய் விழுந்தது. நல்லவேளை, சோசியர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார். மறு நிமிஷமே தீர்மானம் நிறைவேறியது. தந்தி சார் ழகரத்தை அதன் நம்பரில் உட்கார வைத்தார், புதிதாக அடித்த தாளில் அது கம்பீரமாக வந்தது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கட்டம் ஒன்றுகூட மூடவில்லை.

மூடுகிற வழியைக் காட்டினது கயல்விழி டீச்சர். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை, திருத்துகிறவர் கை, தன் ரேஷன் கார்டைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக் கட்டத்துக்குள் ழி என்று எழுதிவிட்டார், பாதத்தில் சதை மூடிக்கொண்டது. மூன்று நாளில் ஊர் முழுக்கப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து அவரவர் பெயரை நிரப்பிக்கொண்டது. இரண்டு தாள், இரண்டு கட்டம், தீர்ந்தது. அதோடு கழகமும் தீர்ந்தது. கட்டம் மூடினவர்கள் மாடிப்படி ஏறவில்லை. அசலூரில் சம்பந்தம் பேசினவர்கள், எங்க பொண்ணுக்கு அப்படி ஒண்ணும் இருந்ததில்லை என்றார்கள். தையற்காரர் போர்டை அழித்தார். கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் சென்டர் வந்தது, வேறு எழுத்து, வேறு நம்பர், கழகத்துத் தாளை அதில் போட்டால் பூச்சி ஊர்ந்த மாதிரித் தெரிந்தது, போடவும் எவரும் கொண்டுபோகவில்லை.

அழகுத்தாயின் பெயர் மட்டும் ஊர் முழுக்க நாலாயிரம் தாளின் அடியில் கட்டத்தோடு கிடந்தது.

தவசிலிங்கம் பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டைப்பையில் நான்கு பேனாவைச் சொருகிக்கொண்டு வாசல் வாசலாக ஏறினார். பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு, நாங்கள் அந்தக் கழகத்தில் இருந்ததே இல்லையே என்று கதவைச் சாத்தினவர்களும் உண்டு. பூப்பொட்டலம் கட்டினது, கடலை மடித்தது, அலமாரியில் விரித்தது, பிள்ளைகள் பட்டம் விட்டது எல்லாவற்றையும் நீவி எடுத்து, முழங்காலில் வைத்து, அடியில் ழ, அடியில் ழ என்று எழுதினார். தாளின் தலையிலும் ஒரு கட்டம் இருந்தது, கழகத்தின் கட்டம், அதை நிரப்ப அவருக்குப் பொழுது இல்லை. ஒரு நாளைக்கு நூறு எழுதினால் வீட்டில் அவள் கட்டம் சிறிது மூடும், அதைப் பார்க்க ஓடுவார்.

குழந்தைவேலு வீட்டில் நோட்டீஸ் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அவர் பெண்சாதி முனீஸ்வரி கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, "உங்க வீட்டுக்காரி பேர நெரப்பணும்னா எங்க வீட்டுக்காரர் பேரயும் நெரப்பிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றாள். ஒரு தாளில் ஏழு. அங்கேயே உட்கார்ந்து ஆறு நாள் எழுதினார், கட்டைவிரலில் கொப்புளம் உடைந்தது. ஆறாம் நாள் உள் அறையிலிருந்து யாரோ இருமினார்கள். முனீஸ்வரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, போதும் அண்ணாச்சி, மிச்சத்த நான் எளுதிக்கிடுதேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அப்படியும் வீட்டில் கட்டம் பாதிக்கு மேல் மூடவில்லை. கணக்குப்படி மூடியிருக்க வேண்டும். எங்கேயோ ஒரு பெரிய கட்டுத் தாள் இருக்கிறது என்று யோசித்துக் கடைசியில் தந்தி சார் வீட்டு மாடிக்கே போனார்.

மாடியில் மூன்று சுவர் இல்லை. தரையில் ஒரு கட்டில் அகலம்தான் மிச்சம், அதில் கணிப்பொறியும் ஓர் அலமாரியும் நாற்காலியில் சாமுவேல் ஞானதுரையும் இருந்தார்கள், சுற்றிலும் வெயில். தலையில் உள்ளதையும் நிரப்பியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. ஓரமாகப் பார்த்து வாங்க தவசி என்றார். ஆடியிலிருந்து கார்த்திகை வரை அடித்ததெல்லாம் ஆபீஸ் கணக்கு, வெளியே ஒரு தாளும் போகவில்லை என்று அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ள உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. நானும் சொல்லல" என்றார்.

தவசிலிங்கம் பேனாவைத் திறந்துகொண்டு முதல் தாளின் அடியைப் பார்த்தார்.

தட்டச்சு:

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. கட்டம்கூட இல்லை. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், அறுநூற்றுப் பன்னிரண்டு தாளிலும் அந்த இடம் வெறும் வெள்ளை.

கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அழகுத்தாய் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், அவள் வழியாகத் துளசி மாடமும் அதற்குப் பின்னால் ஆட்டு உரலும் தெரிந்தன. கட்டைக் கீழே இறக்கினதும் அவளுக்கு எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டது.

"போடுவேன்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன். ராத்திரி பூரா நீங்க தூங்காம முழிச்சுக் கிடந்தீங்க. அதுக்குத்தான் விட்டேன்."

"அப்படியும் கூடுச்சே."

"போட்டா ஒரு நூல் கூடுச்சு. போடாதப்ப ரெண்டு நூல் கூடுச்சு. அளந்து பாத்தேன்." மொச்சையைக் கிண்ணத்தில் போட்டாள். "இனி எங்க போய் எத நெரப்புவீங்க, அங்கதான் ஒண்ணுமே இல்லையே."

தவசிலிங்கம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முதல் தாளை எடுத்துப் பலகையில் வைத்து, தட்டச்சு என்று இருந்ததற்குப் பக்கத்தில் அ எழுதினார், ழ எழுதினார், கு எழுதினார். அவ்வளவு நாள் ஒரே எழுத்தை எழுதி எழுதி மற்ற எழுத்துக்கு விரல் மடங்கவில்லை, ஒவ்வொன்றாக யோசித்து த் எழுதினார், தா எழுதினார், ய் எழுதிப் புள்ளி வைத்தார். தாளைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார்.

அவள் மொச்சைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். உதடு அசையப் படித்தாள்.

"ழவுக்குக் கொம்பு சரியா வளையல. ஆனா எம்பேருதான்" என்றாள். "அடுத்ததக் கொண்டாங்க."